கடுகுப் பை

எடை குறைந்ததைத்தான் நான் முதலில் எடுப்பேன் என்று சௌடேஸ்வரிக்குத் தெரியும், அதனால்தான் அதை என் கைக்கு எட்டுகிற பக்கம் வைத்திருக்கிறாள், கள்ளி. மேசை மேல் அவள் விற்கக் கொண்டுவந்த இரண்டு ஸ்டாக். ஸ்டாக் என்றால் துப்பாக்கியின் உடம்பு. குழாயையும் விசையையும் கழற்றிய பிறகு மிச்சம் இருக்கிறதே, தோளில் பதிந்து, கன்னத்தில் ஒட்டி, கையில் உட்காருகிற பாகம், அதுதான். என் பழைய ஸ்டாக் மரம். குழாயை இழந்து சுவரில் சாய்ந்து நிற்கிறது, அதை இப்போது பார்க்கக் கூடாது, பார்த்தால் பாவமாகிவிடும், பாவம் பார்க்கிற மனநிலையில் நான் இல்லை, போன வருஷம் முழுக்க ஊரே என்னைப் பாவம் பார்த்துத் தீர்த்துவிட்டது. தகரக் கூரைக்கு மேலே புறாக்கள் நடக்கிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரைபிள் கிளப்பில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை, ஆண்கள் எல்லாம் பிரியாணி சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாயங்காலம்தான் வருவார்கள். "அக்கா, இன்னைக்கே முடிவு சொல்லிருங். ஈரோட்டுக்காரர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்காருங்" என்று சௌடி வந்ததும் சொல்லிவிட்டாள். சொல்லாமல் விட்ட முடிவு ஒன்றும் இருக்கிறது, அது அவளுக்குத் தெரியாது, என் வீட்டுக்காரர் திருமூர்த்திக்கும் தெரியாது. இந்த இரண்டில் எதிலும் என்னால் நின்று சுட முடியவில்லை என்றால், இன்றைக்கே என் துப்பாக்கியைக் கிளப்புக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். சுடும்போது போடுகிற அந்தக் கேன்வாஸ் கோட்டை மறுபடியும் போட மாட்டேன். போதும் வசந்தாமணி, நீ பி.டி. டீச்சர், உனக்கு விசில் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, அது போதும் என்று இருந்துவிடுவேன்.

எவ்வளவு லேசு இது. எடுத்ததும் சிரிப்பே வந்துவிட்டது, முறம் மாதிரி இருக்கிறது, இதிலா குழாயை மாட்டுவது. இரண்டு திருகுதான், சௌடி மாட்டிக் கொடுத்துவிட்டாள். கோட்டை மாட்டி, பக்கவாட்டில் நின்று, இடது இடுப்பை முன்னே தள்ளி, அந்த இடுப்பெலும்பின் மேல் இடது முழங்கையை ஊன்றி, முஷ்டிமேல் துப்பாக்கியை உட்கார வைத்தேன். இருபது வருஷமாகச் செய்கிற காரியம், உடம்பு தானாகப் போய் நிற்கிறது, ஆனால் துப்பாக்கியின் மூக்கு மட்டும் தரையைப் பார்த்துக் குனிகிறது. தூக்கினால் மறுபடி குனிகிறது. ஸ்டாக் லேசானால் துப்பாக்கி லேசாகும் என்றுதானே நினைப்போம், பின்பக்கம் லேசாகிவிட்டால் முன்பக்கக் குழாய்தான் ஆளை இழுக்கும் என்று இந்த மரமண்டைக்கு ஏன் முன்பே தோன்றவில்லை. சௌடி நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பெண்ணுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன். எனக்குப் பதிலாக ஜில்லா அணியில் இடம் பிடித்தவள், ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஆரஞ்சுப் பழம் கொண்டு வரவில்லை, அழவில்லை, "அக்கா நீங்க இல்லாம பக்கத்து லேன்ல ஒரு ஆளு மூச்சு விடறாருங், எருமையாட்டம், சுடவே முடியல" என்று புகார் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் தையல் வலித்தது. அந்த டாக்டரம்மா மட்டும் என்ன, குடம் தூக்கக் கூடாது, இடது கையில் ஊசி போட விடக் கூடாது, கை வீங்கிக்கொள்ளும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், துப்பாக்கி தூக்கலாமா என்று நான் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குடத்தைவிடக் கம்மிதானுங்க என்றேன். எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்க என்றார். அவர் மேசைமேல் இருந்த குடையை எடுத்து, ஆஸ்பத்திரி உடுப்போடு நின்று காட்டினேன். எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார். "கை தூக்கல, இடுப்புதான் தாங்குது. காயம் நல்லா ஆறட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிங்க. கை வீங்கினா அன்னைக்கே நிறுத்திட்டு இங்க வரணும்" என்றார். கூடாது என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம், நானும் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பேன், அவருக்குத்தான் எழுந்து வந்து பார்க்கத் தோன்றியது. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

"அது ஆகாதுங்க்கா. இதப் பாருங்" என்று சௌடி இரண்டாவதை முன்னால் தள்ளினாள். இது முதலாவதைவிடக் கொஞ்சம் கனம், ஆனால் என் மரத்தைவிட எவ்வளவோ லேசு. நீல அலுமினியச் சட்டம், எலும்புக்கூடு மாதிரி நடுவெல்லாம் வெறுமை. எல்லாமே நகர்கிறது இதில். கன்னம் வைக்கிற தகடு ஏறும், இறங்கும், தோளில் கொக்கி போலப் பதிகிற முனை நீளும், சாயும், கைப்பிடி திரும்பும், முஷ்டியில் உட்காரும் கட்டை மேலும் கீழும் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. என் மரத்தில் இருந்தது மூன்றே திருகு, அந்த மூன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் நான் புள்ளி வைத்திருக்கிறேன், யாராவது தொட்டு நகர்த்தினால் கண்டுபிடிக்க. அந்தப் புள்ளியில் நின்றுதான் மாநிலப் பதக்கம் வாங்கினேன். நேற்று ஸ்கேல் வைத்து அந்த அளவை எல்லாம் எடுத்து மனசில் ஏற்றிக்கொண்டு வந்தேன், இப்போது அதே அளவுக்கு இதை நகர்த்துகிறேன், கன்னம் இவ்வளவு, தோள் இவ்வளவு, முஷ்டிக் கட்டை இவ்வளவு, முன்பு இருந்தது போலவே, இம்மி பிசகாமல். முன்பு போல, முன்பு போல. இந்தச் சொல்லை யார் எனக்குள் போட்டது என்று தெரியவில்லை, கல்லூரி என்.சி.சி.யில் முதல்முதலாகத் துப்பாக்கி தொட்ட நாளிலிருந்து பயிற்சிக்காரர்கள் சொல்வது அதைத்தான், ஒருமுறை கிடைத்த நிலையை விடாதே, அங்கேயே திரும்பிப் போ. பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் திரும்பிப் போனபோது தலைமையாசிரியையும் அதைத்தான் சொன்னார், மொட்டைத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, அப்படியே முன்ன மாதிரியே இருக்கீங்க டீச்சர் என்று. பொய் சொல்லத் தெரியாத மனுஷி, காது சிவந்துபோனது.

இனி சுடலாம். இல்லை, மூச்சு. மூச்சை விடு, பாதியில் நிறுத்து, குறிபார்க்கிற வளையத்துக்குள் டார்கெட்டின் கருப்புப் பொட்டைக் கொண்டுவா. வந்தது. நின்றதா? நிற்கவில்லை. கீழே இடது பக்கம் சறுக்குகிறது, திருப்பிக் கொண்டுவந்தால் மறுபடி சறுக்குகிறது, மூக்கு இப்போதும் கொஞ்சம் கனம்தான், ஆனால் இது அது இல்லை, இது வேறு ஏதோ. கையா? இடது கையே, வரிசையில் நில், ஆடாதே, உன்னை மைதானத்தைச் சுற்றி ஓட விடுவேன். கை நடுங்கவில்லை. நான் அதைத் திட்டுகிறேன், பாவம், அது நேராகத்தான் நிற்கிறது. இறக்கி வைத்தேன். மறுபடி எடுத்தேன். மறுபடி சறுக்கல். கூரையில் புறா. அப்படியானால் இதுதான் அது, இந்த மத்தியானம்தான் அது, துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வெளியே போனால் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து திருமூர்த்தி தினத்தந்தி படித்துக்கொண்டிருப்பார், என் முகத்தைப் பார்த்ததும் பேப்பரை மடித்துவிடுவார், வழியில் பேக்கரியில் நிறுத்தி தேங்காய் பன் வாங்கித் தருவார், அதைத் தின்றுவிட்டு நான் மீதி வாழ்க்கையை வாழ வேண்டும். பயமாக இருக்கிறது. கட்டி என்று சொன்ன நாளில்கூட இவ்வளவு பயம் இல்லை, அப்போது செய்ய வேண்டியது நிறைய இருந்தது. துப்பாக்கி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வேன். சரி, கடைசியாக ஒருமுறை. மூச்சு. பொட்டு. அப்போது கேட்டது. கேட்டதா, உணர்ந்தேனா, ஏதோ ஒன்று. மெல்லிய, மணல் சரிவதுபோல ஒரு நகர்வு, கோட்டுக்குள்ளே, இடது பக்கம். கடுகு.

கடுகு நகர்கிறது. அடக் கடவுளே. இடது மார்பை எடுத்த பிறகு நர்ஸ் ஒருத்தி சொன்னாள், ஒரு பக்கம் கனம் இல்லையென்றால் தோள் மேலே ஏறிக்கொள்ளும், முதுகு வளைந்துவிடும், ஏதாவது வைத்து எடையைச் சமன் செய்யுங்கள் என்று. ஆஸ்பத்திரியில் கொடுத்தது ரப்பர் மாதிரி ஒன்று, வெயிலில் அவிந்துபோனேன். திருமூர்த்திதான் மல்துணியில் பை தைத்தார். லேத்துப் பட்டறையில் பம்பு மோட்டாருக்குத் தண்டு கடைகிற மனுஷன், அதே முகத்தோடு, அதே கண்ணாடியோடு, என் பழைய உள்பாடியை அளவுக்கு வைத்துக்கொண்டு தைத்தார். முதலில் ராகி போட்டார், அதிலிருந்து தூசி உதிர்ந்தது. அப்புறம் கடுகு, வழவழவென்று உருண்டை, சொன்ன இடத்தில் உட்காரும் என்றார். எவ்வளவு போடுவது? சமையலறைத் தராசை எடுத்து வந்து என்னையும் தராசையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சம் இருக்கறத எப்படீங்க எடை போடுவீங்க என்று கேட்டேன். முகம் சிவந்து, "கையில ஒரு கணக்கு இருக்குது புள்ள" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவருக்கும். வேர்வையில கடுகு மொளச்சிருச்சுன்னா என்ன பண்றது என்றேன், தாளிச்சுக்கலாம் என்றார். அந்தப் பையைக் குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர நான் கழற்றியதே இல்லை, கோட்டுப் போடும்போது கழற்ற வேண்டும் என்று தோன்றவும் இல்லை, எப்படித் தோன்றும், நாலு பேர் வருகிற இடம், ஒரு பக்கம் தட்டையாக நிற்பதா. துப்பாக்கி பிடிக்கும்போது மேல்கை வந்து சாய்கிற இடம் அதுதான். கையை எலும்பில் சாய்க்க வேண்டியவள் கடுகில் சாய்த்துக்கொண்டு, கையைத் திட்டுகிறேன், ஸ்டாக்கைத் திட்டுகிறேன், விதியைத் திட்டுகிறேன். பி.டி. டீச்சராம்.

"சௌடி, இரு, வரேன்" என்று கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போனேன். தாழ்ப்பாள் சரியாக விழாத பாத்ரூம், உள்ளே பினாயில் வாசம். பையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன், உடம்புச் சூட்டோடு இருந்தது. கண்ணாடியில் நான் பார்ப்பதில்லை, இன்றைக்குப் பார்த்தேன், டி-ஷர்ட்டின் ஒரு பக்கம் சுருங்கித் தொங்கியது, அவ்வளவுதான், உலகம் இடிந்துவிடவில்லை. திரும்பி வந்து பையை மேசை மேல் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினேன், இடது பக்கம் தொளதொளத்தது, வார்களை இழுத்துக் கட்டினேன். சௌடி பார்த்தாள். பார்க்காததுபோல் இருக்க அவளுக்குத் தெரியாது, அதற்கும் நன்றி. "வெச்சிருந்தீங்களா இவ்வளவு நேரமும்? ஏனுங்க்கா, தலகாணிய வெச்சுட்டு ஆராச்சும் சுடுவாங்களா?" என்று கத்தினாள். எனக்கும் கோபம் வந்தது, யாரிடம் என்று தெரியவில்லை. "திட்டாம திருகு சாவியக் குடு" என்றேன். நகப்பூச்சுப் புள்ளி எல்லாம் இனி அந்த மரத்தோடு போகட்டும். மேல்கை இப்போது விலாவோடு நேராக ஒட்டுகிறது, நடுவில் ஒன்றும் இல்லை, தழும்பும் துணியும் கேன்வாஸும்தான். முழங்கை இடுப்பில் முன்பைவிட உள்ளே வந்து உட்காருகிறது. அதனால் துப்பாக்கி தாழ்ந்தது, முஷ்டிக் கட்டையை இறக்கிக்கொண்டேன். தலை கொஞ்சம் சாய்ந்தது, கன்னத் தகட்டை ஏற்றினேன். தோள் முனையை உள்ளே இழுத்தேன். திருகு, நில், கண்ணை மூடு, திற, மறுபடி திருகு. ஒவ்வொன்றாக அந்த நீலச் சட்டம் என்னிடம் வந்தது, நான் அதனிடம் போகவில்லை. இவ்வளவு காலமும் நானல்லவா மரத்திடம் போய்க்கொண்டிருந்தேன், கழுத்தை வளைத்து, மூச்சை இறுக்கி. வளையத்துக்குள் பொட்டு வந்தது. நின்றது. நின்றுகொண்டே சின்னதாக ஒரு துள்ளல், ஒரு தாளத்தோடு, மறுபடி அதே துள்ளல். நடுக்கமா? நடுக்கம் இல்லை. நாடி. நடுவே இருந்த சதை போய்விட்டதால் நெஞ்சு துடிப்பது நேராகக் கைக்கு வந்து, கையிலிருந்து குழாய்க்கு வந்து, குழாயின் நுனியில் தெரிகிறது. பார்த்துக்கொண்டே நின்றேன். சுட வேண்டும் என்றே தோன்றவில்லை. அடிக்கிறது, விடாமல் அடிக்கிறது, ஊசியும் மருந்தும் வாந்தியுமாக ஒரு வருஷம் நான் படுத்திய பாட்டுக்கு ஒருநாள்கூட லீவு போடவில்லை. நன்றி என்று சொன்னேன், வாய்விட்டேதான், யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. இரண்டு துடிப்புக்கு நடுவில் விரலை மடக்கினேன். டப். கயிற்றில் டார்கெட் காகிதம் ஓடி வந்தது. ஒன்பது. பத்துக்கு ஒன்பதுதான், நேர் கீழே. பழைய வசந்தாமணி ஒன்பதுக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள்.

"நிக்குதுங்க்கா!" என்று சௌடி என் காதுப்பக்கத்தில் கத்தினாள். "ஆனா மூக்கு இன்னுங் கனம், அதான் கீழ போகுது. பின்னால கொஞ்சம் எடை கட்டோணும். என்ற எடைக்கல்லு வூட்ல இருக்குதுங், நாளைக்கு..." நாளைக்கு எதற்கு. மேசை மேல் இருந்ததை எடுத்தேன். கொண்டையில் இருந்த ரப்பர் வளையத்தை உருவி, தோள் முனைக்குக் கீழே நீலச் சட்டத்தில் கடுகுப் பையைச் சுற்றிக் கட்டினேன். மருந்துக்குப் பிறகு முளைத்த முடி, கொண்டை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், காதோரம் விழுந்தது. சட்டத்தின் நடுவில் ஒற்றை விரலை வைத்துத் துப்பாக்கியைத் தூக்கினேன், கீழே சௌடி இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றாள், விழுந்துவிடுமோ என்று. விழவில்லை. மூக்கு மெல்ல மேலே வந்து, படுத்த மட்டத்தில் நின்றுவிட்டது, என் முஷ்டி வரும் இடத்துக்கு நேராக. அப்புறம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஈரோட்டுக்காரருக்கு இல்லைன்னு சொல்லிர்றனுங்" என்று போனை எடுத்தாள். எனக்குத் தெரியும், அவள் அழுததை நான் பார்க்கவில்லை என்று சாதிக்க வேண்டும், அந்த அளவுக்கு நானும் அவளுக்கு உதவுவேன்.

திருமூர்த்தியை உள்ளே கூப்பிட்டேன். பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார், செருப்பை வாசலில் விட்டு வந்தார், கிளப்பில் யாரும் செருப்பை விடுவதில்லை, இவர் மட்டும் விடுவார். என் முகத்தைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், அதன் பின்னால் கட்டியிருந்ததைப் பார்த்தார். பட்டறைக்காரக் கண், உடனே புரிந்துவிட்டது. ஏனுங்க, இதே எடைக்குப் பித்தளைல ஒண்ணு கடைஞ்சு குடுங்க என்றேன். பையின் அடியில் விரலை வைத்துப் பார்த்து, "குடுத்தாப் போச்சு" என்றார். தராசு வேண்டாமுங்களா என்றேன், சௌடி பக்கத்தில் இருப்பதை மறந்து. அவர் காது சிவந்தது. அந்தக் காதுக்காகவே இன்னொரு முறை அந்த வருஷம் முழுவதையும் பட்டுவிடலாம் என்று தோன்றியது, பொய், தோன்றவில்லை, ஒருமுறை போதும், ஆனால் பட்டதற்குக் கணக்குத் தீர்ந்துவிட்டது. துப்பாக்கியை அப்படியே, கடுகோடு, கிளப் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கோட்டையும் கழற்றிவிட்டு, பை இல்லாமல் வெளியே வந்தேன். சாயங்கால ஆண்கள் இரண்டு பேர் கேட்டருகில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார்கள், வணக்கம் டீச்சர் என்றார்கள், வணக்கம் என்றேன், நெஞ்சை மறைக்கக் கை போகவில்லை, போகவில்லை என்பதைக்கூடத் தாண்டி வந்த பிறகுதான் கவனித்தேன். ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன். பைபாஸ் காற்று இடது பக்கச் சட்டைக்குள் நேராகப் புகுந்தது, இவ்வளவு லேசாக நான் உட்கார்ந்ததே இல்லை. ஏனுங்க, வண்டி ஒரு பக்கம் சாயுதுங்களா என்று அவர் முதுகுக்குக் கேட்கும்படி கத்தினேன். "நீ ஆடாம உக்காரு புள்ள," என்றார் திருமூர்த்தி, "வண்டி நேராத்தான் போகுது."